செவுத்துக் கணக்கு

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் காளீஸ்வரி முதலில் அதைப் படிக்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள். பரீட்சை எழுத வந்தவள் சுவரில் என்னத்தைக் கண்டாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சித்தாளாகச் சாந்துச்சட்டி சுமந்து, கடைசியில் ஒரு கொத்தனாருக்கே வாழ்க்கைப்பட்டவளுக்குப் புது இடத்தில் கண் தன்னால் சுவருக்குத்தான் போகும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு மேலே பூச்சு வயிறு தள்ளியிருந்தது. அவசர வேலை, மட்டக்கட்டையை ஒருதரம் இழுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்கள். அவுக பார்த்திருந்தா அந்தக் கொத்தனாரோட பரம்பரையையே இழுத்துவச்சுத் திட்டியிருப்பாக என்று நினைத்தாள். அவுக என்றால் தவசி, அவள் புருஷன். இப்போது அவன் பார்க்கிற சுவர் ஒன்றே ஒன்றுதான், கட்டிலை ஒட்டிய வீட்டுச் சுவர். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் அவன் படுத்துக்கிடக்க ஆரம்பித்து ரெண்டு மழைக்காலம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அங்கன்வாடியில் உதவியாள் வேலைக்குச் சேர்ந்தாள். சாம்பார் கிண்டுவது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது. பத்தாவது தேறிவிட்டால் டீச்சர் வேலைக்கே உன் பெயரைச் சொல்கிறேன், ஆனால் இந்த வருஷத்துக்குள் தேறணும் என்று மேலே இருந்து பார்வையிட வந்த அதிகாரியம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மற்ற பாடமெல்லாம் போன தடவையே ஒருவழியாகத் தேறிவிட்டன. கணக்குதான் காலை வாரிவிட்டது. அதற்குத்தான் இப்போது இந்தப் பெஞ்சில், முன்னால் ஒரு நரைத்த மீசைக்காரர், பின்னால் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, நடுவில் முழங்கால் இடிக்க இவள். ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் வேறு யாருக்கோ போகிறது.

சரி, படிப்போம் என்று குனிந்தாள். ஒரு மார்க் கேள்விகளில் பாதி தெரிந்த முகம், பாதி தெரியாத முகம். ரெண்டு மார்க்கில் பிடித்ததை எழுதலாம், பிடிக்காததை விடலாம், ஆனால் கடைசியாக ஒன்று வைப்பார்கள், கட்டாயம் எழுதியே ஆகவேண்டும் என்று. அந்தக் கட்டாயக் கேள்விக்கு வந்தபோது விரல் வைத்து ரெண்டு தரம் படித்தாள். (2, 5), (9, 5) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு காண்க. (3, 1), (3, 7) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு காண்க. வந்தேவிட்டது. எத்தனை பாடம் இருக்கிறது, எத்தனை கணக்கு இருக்கிறது, இதைத்தான் பொறுக்கியெடுத்துக் கட்டாயம் என்று வைக்கத் தோன்றியிருக்கிறது பார் அந்த மகராசனுக்கு. காலையில் அவள் செருப்பை மாட்டும்போது தவசி உள்ளேயிருந்து கூப்பிட்டான். போய் நின்றாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, அந்தச் செவுத்துக் கணக்கு வந்தா பயப்படாம எழுது புள்ள என்றான். எதை எழுதணும் என்று அவன் சொல்லவில்லை. எதை எழுதட்டும் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் பழைய சண்டை திரும்பக் கிளம்பும், பஸ்ஸும் போய்விடும். சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். 

முதல் கோடு கஷ்டமில்லை. அது படுத்துக்கிடக்கிற கோடு. ரெண்டு புள்ளிக்கும் உயரம் ஐந்துதான். உயரம் எவ்வளவு மாறியது என்பதை மேலே போடு, பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கீழே போடு, வகுத்துவிடு; யூடியூப்பில் அந்த வழுக்கைத் தலை சார் இதை எத்தனை தரம் சொன்னாரோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஐந்தில் ஐந்து போனால் பூஜ்ஜியம். ஒன்பதில் ரெண்டு போனால் ஏழு. பூஜ்ஜியத்தை ஏழால் வகுத்தால் பூஜ்ஜியம். ஏழு அடி நடந்தாச்சு, ஒரு விரற்கடை ஏறலை, ஒரு விரற்கடை இறங்கலை. சாய்வு பூஜ்ஜியம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, அவளுக்கு நாளெல்லாம் அப்படித்தானே போகிறது. காலையில் எழுந்தால் அவனைத் துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி, அங்கன்வாடி, திரும்பி வந்து புரட்டுவது, துடைப்பது, ராத்திரி. மறுநாளும் அதே. திங்கள் போய் செவ்வாய் வரும், ஆடி போய் ஆவணி வரும், நகர்வது நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. உயரம் மட்டும் மாறுவதில்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் தவசி எப்படி இருக்கான் என்று கேட்பார்கள். அப்படியேதான் இருக்காக என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி நாக்கு வழவழத்துப் போய்விட்டது. ஆனாலும் அது ஒரு பதில். கேட்டவர்களும் சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றுமில்லை என்பதுகூடச் சொல்ல முடிகிற ஒன்றுதான். அவள் விடையை எழுதி அடியில் கோடு போட்டாள்.

ரெண்டாவது கோடு நிற்கிற கோடு. அதில் கை வைக்காமல் பேனாவை மூடினாள். முதலில் மற்றதை எழுதிவிடலாம், இது எங்கே ஓடிவிடப் போகிறது. வாய்பாடு, கூட்டுத்தொடர், முக்கோணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள். கை எழுதிக்கொண்டிருந்தது, மனசு எப்போதோ வீட்டுக்குப் போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டது. இந்தக் கணக்குப் பாடத்தால்தான் தவசி மறுபடி வாயே திறந்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவன் பேசுவதே இல்லை. தண்ணி வேணுமா என்றால் கண்ணை மூடுவான், வேண்டாமா என்றாலும் மூடுவான். அவள் ராத்திரி கைடை விரித்துவைத்துக்கொண்டு முணுமுணுத்துப் படித்தபோது, சாய்வு என்றால் என்னன்னே விளங்கமாட்டேங்குதே என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது, நம்ம வாட்டம்தான் புள்ள. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாத்ரூம் தரைக்குத் தண்ணி ஓட வாட்டம் கொடுக்கிறோம்ல, இத்தனை அடிக்கு இத்தனை இஞ்ச் இறக்குன்னு, அதைத்தான் உன் புக்குல சாய்வுன்னு போட்டிருக்கான். அட, இது இவ்வளவுதானா என்றாள். இவ்வளவுதான், நீ மண்டையை ஒடைச்சுக்கிற என்றான். அதிலிருந்து தினமும் அவனே கேட்பான், இன்னிக்கு என்ன கணக்கு. படியின் சாய்வு, வண்டி ஏத்துற சரிவின் சாய்வு, மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்கிற வாட்டம், எல்லாம் அவன் விரலைக் காற்றில் அசைத்து அசைத்துச் சொன்னான். ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தான். அவள் அடுப்படிக்குப் போய், வெங்காயம் உரித்தபடி, சத்தம் வராமல் அழுதாள். சந்தோஷத்துக்கும் அழுகை வரும் என்பதை அவள் கேள்விப்பட்டதுதான், அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்புறம்தான் அந்த நிற்கிற கோடு வந்து தொலைந்தது. தரைக்குப் பூச்சியம், சரி, மட்டமான தரையில வாட்டம் இல்ல என்றான் தவசி. செவுத்துக்கும் பூச்சியம்தான். தூக்குக்குண்டு கட்டி விட்டா நூல் செவுரோட ஒட்டிப் போகணும், எந்தப் பக்கமும் சாயக்கூடாது, சாயாத செவுத்துக்குச் சாய்வு ஏது, பூச்சியம்னு எழுது. அவன் சொன்னது கொத்தனார் கணக்கு; சுவர் நூலைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிற கணக்கு. அதில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளும் அப்படியே எழுதிக்கொண்டு கைடின் பின்பக்கம் விடையைப் பார்த்தாள். வரையறுக்கப்படவில்லை என்று போட்டிருந்தது. புக்குல வேற மாதிரி இருக்குங்க என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். என்ன வேற மாதிரி. வரையறுக்கப்படலையாம். அப்படின்னா? பதிலே கெடையாதாம். அவன் முகம் கறுத்துவிட்டது. ஊரெல்லாம் செவுரு எழுப்பியிருக்கேன், ஒண்ணு சாஞ்சதுன்னு ஒருத்தன் சொல்லட்டும், புக்கு எழுதினவன் ஒரு கல்லாவது எடுத்து வச்சிருக்கானா என்றான். அதுக்கில்லங்க, இங்க அளக்குறது தரையிலேருந்து என்று அவள் இழுத்தாள். அவளுக்கும் சரியாகத் தெரியாது, வழுக்கைத் தலை சார் சொன்னதை ஒப்பித்தாள். நான் படுத்துக்கெடக்கேன்ல, அதான் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிருச்சு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்புவதற்கு அவனிடம் முகம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு இன்னிக்கு என்ன கணக்கு என்று அவன் கேட்கவே இல்லை. அவள் ராத்திரி வாய்க்குள்ளேயே படித்தாள், உதடுகூட அசையாமல்.

கூடுதல் தாள் வேணுமா என்று ஹாலில் நின்ற சார் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது, அங்கே போன மனசு வீட்டுக்குத் தாவியது. மும்தாஜ் அக்கா அவனைப் புரட்டிவிட்டிருப்பாளா? பக்கத்து வீட்டுக்காரி, நல்ல மனுஷி, சொன்னால் சொன்னதைச் செய்வாள், ஆனால் கூச்சப்படுவாள். அடுத்த வீட்டு ஆம்பளையைத் தொட்டுப் புரட்ட யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது. ஒரே பக்கம் கிடந்தால் புண் வந்துவிடும். போன தடவை வந்த புண் ஆறவே மாசக்கணக்கில் ஆனது. அதை நினைத்தால் அந்த மருந்து வாடை இங்கேயே வருகிறது. அவன் ஒருநாள், நீ என்னைய விட்டுட்டு உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு, நமக்குப் புள்ளையா குட்டியா என்றான். பேசாம கெடங்க என்று அதட்டிவிட்டு அன்றைக்கு முழுக்க அவனைத் தனியாக விடப் பயந்து வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது தனியாகத்தானே கிடக்கிறான். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருப்பான். இந்த வேலை கிடைத்துவிட்டால் ஒரு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், மதுரையில் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். கிடைக்கணுமே. தேறணுமே. தேறணும் என்றால் அந்தக் கட்டாயக் கேள்வியை எழுதணுமே. அவள் தாளைத் திருப்பித் திருப்பிக் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து நின்றாள்.

ஏழில் ஒன்று போனால் ஆறு. மூன்றில் மூன்று போனால் பூஜ்ஜியம். மேலே ஆறு, கீழே பூஜ்ஜியம். இதற்கு மேல் நகரவில்லை. பூஜ்ஜியம் என்று போட்டுவிட்டால் என்ன? அவன் சொன்னபடி ஆகும். வீட்டுக்குப் போய் நிமிர்ந்து சொல்லலாம். ஆனால் அது தப்பு என்று புக்கு சொல்கிறது, ஏன் தப்பு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, அதுதான் அவளை எழுதவிடவில்லை. புரியாமல் புருஷனை எதிர்த்து எப்படி எழுதுவது. வகுப்பது என்றால் என்ன, பங்கு வைப்பது. பங்கு வைக்க அவளுக்குத் தெரியாதா, தினமும் அங்கன்வாடியில் அவள் பண்ணுகிற வேலைதானே. ஆறு முட்டை, மூணு பிள்ளை, ஆளுக்கு ரெண்டு. சில நாள் முட்டை வண்டி வராது. முட்டையே இல்லை, ஏழு பிள்ளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பாவமாகத்தான் இருக்கும், ஆனால் பங்கு வைத்தாயிற்று. அதுதான் படுத்த கோடு. இன்னொரு நாள் அடைமழை. அவள் முட்டையெல்லாம் அவித்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஆறு முட்டை அப்படியே கிடக்கிறது. ஆளுக்கு எத்தனை? ஆளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா, முட்டைதான் இருக்கிறதே. ஆளுக்கு ஆறு என்று சொல்ல முடியுமா, ஆள் எங்கே. அன்றைக்கு அந்தக் கேள்வியே கேட்க முடியாது. இதைத்தான் சொல்கிறானா புக்கில்? பதில் பூஜ்ஜியம் இல்லை. பதில் பெரிசா சின்னதா என்பதும் இல்லை. பதில் உட்காருவதற்கு இடமே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த மாத்திரத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வந்தது அது இல்லை, வந்தது கல்யாண மண்டபம்.

கட்டி முடியாத மண்டபம், மூணு மாடி, வெளிப்பூச்சு நடக்கிறது. அவன் மேலே சாரத்தில், இவள் கீழே மணல் குவியல் பக்கத்தில். காளி, சாந்து என்று குரல் கொடுத்தான். அண்ணாந்து பார்த்தாள், வெயில் கண்ணில் அடித்தது, அவன் கையை ஆட்டினான், தலையில் கட்டியிருந்த துண்டு தெரிந்தது. சட்டியை எடுக்கக் குனிந்தாள். குனிந்து நிமிர்ந்தாள், அவ்வளவுதான். அவன் தரையில் கிடந்தான். நின்ற இடத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. மேலே இருந்தவன் கீழே இருந்தான், நடுவில் ஒன்றுமே இல்லை. எப்படிம்மா விழுந்தான் என்று எல்லாரும் கேட்டார்கள். கயிறு நழுவினதா, கால் இடறினதா, மயக்கமா. மேஸ்திரி கேட்டார், போலீஸ் கேட்டது, அவளுடைய ஆத்தா கேட்டாள், நீ பக்கத்துலதானடி இருந்த, உனக்குமா தெரியாது.  ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல வரவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் அப்படியேதான் இருக்காக என்று சொல்லத் தெரிகிறது, எப்படி விழுந்தான் என்று கேட்டால் இந்நாள்வரை வாய் திறக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் தெரிந்திருக்குமோ, குனியாமல் இருந்திருந்தால், சாந்தை முன்னாலேயே கொடுத்து அனுப்பியிருந்தால் என்று எத்தனையோ ராத்திரி தன்னையே போட்டுக் குடைந்திருக்கிறாள். கீழே பூஜ்ஜியம் வைத்துக்கொண்டு மேலே எதை வைத்து வகுத்தாலும் வராதுதானே. இத்தனை நாள் இதையா வகுத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று தாளில் விழுந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். ஹாலில் நின்ற சார் பக்கத்தில் வந்து, உடம்புக்கு ஏதாவது செய்யுதாம்மா என்றார். இல்ல சார், கணக்கு புரிஞ்சிருச்சு என்றாள். அவர் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுதினாள். எவ்வளவு நீளமான வார்த்தை, எழுதி முடிக்கவே பொழுது விடிந்துவிடும் போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. இதுதான் சரி, சந்தேகமே இல்லை. சரியானதை எழுதிவிட்டு இப்படி ஒரு துரோகம் பண்ணின மாதிரி ஏன் இருக்கிறது? அவனிடம் மிச்சம் இருப்பது என்ன? கால் போய்விட்டது. தொழில் போய்விட்டது. கூட வேலை பார்த்த சேக்காளிகள் ஆரம்பத்தில் வந்தார்கள், அப்புறம் வரவில்லை. நான் கட்டின செவுரு ஒண்ணும் சாயலை என்கிற அந்த ஒரு பேச்சுதான் மிச்சம், அதையும் எடுத்துக்கொண்டால் அந்தக் கட்டிலில் கிடப்பது யார். பெல் அடித்தது. நூல் போட்டுத் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். தேறிவிடுவோம் என்றுதான் தோன்றியது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாத்தூர் ரோட்டில் புதுசு புதுசாகக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, எல்லாவற்றிலும் சாரம் கட்டியிருந்தது. அவள் பார்க்கவில்லை. ஊர் வருவதற்குள் முடிவு பண்ணிவிட்டாள். விடைத்தாளில் எழுதியது எழுதியதுதான், அதை யாரும் மாற்றப் போவதில்லை, அவனுக்கு மட்டும் பூச்சியம்னு எழுதினேன் என்று சொல்லிவிடலாம். பொய்தான். அதனால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது.

மும்தாஜ் அக்கா வாசலிலேயே நின்றாள். புரட்டி விட்டாச்சு, கஞ்சி கொடுத்தாச்சு, ஆனா காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசலை காளி, உன் வழியையே பார்த்துக்கிட்டு இருக்காரு என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். காளீஸ்வரி உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

“வந்துச்சா?” என்றான் தவசி.

“எது?”

“செவுத்துக் கணக்கு.”

“வந்துச்சுங்க. கட்டாயக் கேள்வியாவே வந்துச்சு.”

“என்ன எழுதுன?”

“பூச்சியம். நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதினேன்.”

அவன் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். தெளியவில்லை. கண்ணை மூடினான், மூடின கண்ணின் ஓரத்திலிருந்து காதுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கியது.

“தப்பு புள்ள. அது தப்பு.” கண்ணைத் திறக்காமலே மேலே பேசினான். “சண்டை போட்டுட்டு நானும் கெடந்து யோசிச்சேன், எனக்கு வேற என்ன வேலை. நான் விழுந்தப்ப முன்னயும் போகல, பின்னயும் போகல. நின்ன எடத்துக்கு நேரா கீழ கெடந்தேன். மூணு மாடி எறங்கியிருக்கேன், நகர்ந்தது ஒண்ணுமே இல்ல. எதை வச்சு வகுக்க? பூச்சியம்னு சொன்னா நான் விழவே இல்லேன்னுல்ல ஆகும்.”

விழுந்ததைப் பற்றி அவன் பேசுவது இதுதான் முதல் தடவை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“காலையில அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்றான். “நான் சொன்னது தப்புன்னு சொல்ல வாய் வரலை. பயப்படாம எழுதுன்னு மட்டும் வந்துச்சு. என் வீம்பு உன் மார்க்கைத் தின்னுருச்சு. அதுல ரெண்டு மார்க் கொறைஞ்சு நீ நின்னு போனா…”

“இல்லங்க, நான் சரியாத்தான் எழுதியிருக்கேன். வரையறுக்கப்படலைன்னுதான் எழுதினேன். உங்க மனசு நோகுமேன்னு இப்ப மாத்திச் சொன்னேன்.”

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். சிரித்த மாதிரி இருந்தது.

“சும்மா தேத்தாத.”

“சத்தியமாங்க. எங்க ஆத்தா மேல சத்தியமா.”

“ஆறு மாசத்துல எந்திரிச்சு நடந்துருவேன்னு டாக்டர் சொன்னதாச் சொன்னவதான நீ. அதுக்கும் சத்தியம் பண்ணுன.”

அவள் பையைத் திறந்து கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் எதையும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. போட்ட கணக்கெல்லாம் விடைத்தாளோடு கட்டுக்குள் போய்விட்டது. நாளைக்கு அவள் தேறினாலும் மார்க் லிஸ்ட்டில் கணக்குக்கு மொத்தம் இத்தனை என்றுதான் இருக்கும், எந்தக் கேள்விக்கு எத்தனை என்று போட மாட்டார்கள். நல்ல மார்க்கே வந்தாலும் இந்த ரெண்டை நான் தின்னுட்டேன் என்றுதான் அவன் படுத்துக்கிடப்பான். போங்க, நம்பாட்டிப் போங்க என்று சொல்லிவிட்டு, அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிடித்துவிடுவது அவனுக்குத் தெரியவில்லை.